ஒரே குடைக்கு இரண்டு கணக்கு

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அக்கா, விளையாட்டுல ஒரு திறனோட பலத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமான்னு எப்படித் தெரியும்?" குழம்பை ருசிபார்த்து உப்புச் சொல்வதுபோல நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் தெரியவில்லை. யாருக்காகக் கூட்டுகிறோம், யாருக்காகக் குறைக்கிறோம் என்று கேட்கப் பழகினேன், அவ்வளவுதான். அதுவும் நானாகக் கற்றதில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் போய்த் தலையைக் கொடுத்ததால் வந்த புத்தி.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நாலைந்து வருடம் கழித்து நடந்தது இது. நான் மணிமங்கலத்துக்காரி. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். எங்கள் உற்பத்தி லைனை மூடிவிட்டார்கள். படப்பையில் ஹார்ட்வேர் கடை மாடியில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைக் கணக்கு என்று நினைத்துப் போனேன். மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். சார் என்னைவிடப் பத்து வயது சின்னவர், படப்பையிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த விளையாட்டை எழுதியவர். "பேய்க்கு எவ்ளோ உயிர் வெக்கிறது, வாளுக்கு எவ்ளோ வெட்டு வெக்கிறதுன்னு பாத்துக்கினு இருக்கணும் மேடம்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். ஒரு வாரம் சிரித்தார்கள்.

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் எங்கள் விளையாட்டு ஓடியது. தெற்கத்திப் பக்கமிருந்து வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகள்தான் முக்கால்வாசி ஆட்டக்காரர்கள். இரண்டு வகை ஆட்டம் உண்டு. போட்டி என்றால் ஒரு அணியும் இன்னொரு அணியும் அடித்துக்கொள்வது. கூட்டு என்றால் எல்லோரும் ஒரே பக்கம் நின்று, கம்ப்யூட்டர் அனுப்புகிற பேய்க் கூட்டத்தைத் தடுப்பது. இரண்டுக்கும் ஆட்கள் அதே, ஆயுதம் அதே, திறனும் அதே.

அதில் ஒரு திறனுக்குக் குடை என்று பெயர். குடைக்காரர் கீபோர்டில் ஒரு சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் அவரைச் சுற்றி ஒரு குடை விரியும். அதற்குள் யார் வந்து நின்றாலும் அடி விழாது. இருபது நொடி தாங்கும். நடுவில் கையை எடுத்தால் உடனே மூடிவிடும். நான் வந்து பார்த்த முதல் திறன் அதுதான், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

கோளாறு போட்டியில்தான் கிளம்பியது. ஒரு அணியில் இரண்டு குடைக்காரர்கள் இருந்தால், ஒருவர் மூட மற்றவர் விரிக்க, ஆட்டம் முடியவே முடியாது. பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். அந்த மாதக் கடைசியில் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய போட்டி வைத்திருந்தோம். சென்னை அணிக்காரர்கள் எல்லாம், குடையைக் குறைக்காவிட்டால் வரமாட்டோம் என்று கூச்சல் போட்டார்கள். போன், மெயில், நேரில் வந்து சண்டை. சார் ஒரு வெள்ளிக்கிழமை குடையின் நேரத்தை எட்டு நொடியாக வெட்டினார். போட்டிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பும் போட்டார். கூச்சல் அன்றோடு நின்றது. எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போட்டி ஆடுகிறவனுக்குக் குறை என்றால் அவன் கத்துவான். கூட்டு ஆடுகிறவன் கத்தமாட்டான். தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வான், அப்புறம் வரமாட்டான். அடுத்த வாரம் கூட்டில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த என் கண்ணில் ஒரு ஆட்டக்காரர் பட்டார். பெயர் வெறும் 'ரூம் ஏழு'. இவர் நடத்தை எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு வாரம் பகலில் வந்து போட்டியில் புயல் மாதிரி ஆடுவார். அடுத்த வாரம் மாலையில் அதேபோல. ஞாயிறு மாலை மட்டும் ஆளே மாறிவிடுவார். கூட்டுக்குப் போய், நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெண் உருவத்துக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு எதுவும் செய்யமாட்டார். குடையை வெட்டிய பிறகு வந்த ஞாயிறு, அந்த நீலத் தலைப்பாகை பேய்க் கூட்டத்தில் மாட்டிச் செத்து, பாதியில் வெளியேறியது. 'ரூம் ஏழு' அதே இடத்தில் வெகுநேரம் தனியாக நின்றார்.

சாரிடம் சொன்னேன். "ஏதாச்சும் திருட்டு புரோகிராம் வெச்சிக்கினு ஆடுறான் மேடம், பேரைத் தூக்கிடலாம்" என்றார். தூக்குமுன் ஆளைப் பார்த்துவிடுகிறேன் என்று ஒரகடத்துக்கு பஸ் ஏறினேன். ஆட்டம் எந்த பிரவுசிங் சென்டரிலிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் உள்ளே ஒருவருக்கொருவர் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று படிக்கவும் வழி இருந்தது. அதை மட்டும் படிக்கக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. நல்ல கண்டிப்பு, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டரில் 'ரூம் ஏழு' பெயரில் உட்கார்ந்திருந்தவன் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

"எக்கா, திருட்டெல்லாம் இல்ல. நாங்க ரெண்டு பேரு. நானும் அந்தோணியும். ஒரே ரூமு, ஒரே பாயி. அவம் ஷிஃப்டுக்குப் போனா நான் படுப்பேன், நான் போனா அவம் படுப்பான். இந்தப் பேரையும் அப்படியே வச்சுக்கிட்டோம்."

"அவரும் போட்டி ஆடுறாரா?"

"அவனா? அவனுக்கு ஒரு ஈயை அடிக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மட்டும் கேப்பான். குடுத்துருவேன். அது அவம் பொண்டாட்டி வார நேரம்லா."

அதற்குள் அந்தோணியே வந்துவிட்டான். ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கிய யூனிஃபார்மோடு இருந்தான். ஒல்லியான பையன், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். அவன் கதையை இசக்கிதான் முதலில் சொன்னான், நடுநடுவே அந்தோணி தலையாட்டினான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி ரோஸ்லின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுத்தார்கள். ஆகவில்லை என்று சொல்லிச் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டலில் ஞாயிறு மாலை மட்டும் வெளியே விடுவார்கள், அதுவும் கும்பலாக. ஒரு ஆம்பளையோடு பேசுவதை யாராவது பார்த்து வார்டனிடம் சொன்னால் வேலை போய்விடும். ஹாஸ்டலுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் இருந்தது. ரோஸ்லின் தோழிகளோடு அங்கே வந்து உட்காருவாள்.

"அந்த நீலத் தலைப்பாகையா?" என்றேன்.

அந்தோணி தலையாட்டினான். "போன்ல பேசுனா சண்டை வருதுக்கா. எப்ப வீடு பாப்ப, எப்ப வீடு பாப்பன்னு கேக்கா. நான் என்ன சொல்ல? இதுல சண்டை பேய்கூட மட்டுந்தான். அந்தக் குடைக்குள்ளதான் நாங்க ரெண்டு பேரும் இருப்போம்."

 நாங்கள் வெட்டியது எது என்று அப்போதுதான் புரிந்தது.

"போன ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு?"

"குடை பாதியிலயே மூடிட்டு. நான் கைய எடுக்கவே இல்லக்கா, சத்தியமா எடுக்கல. அவ செத்துட்டா. நான் கைய எடுத்துட்டேன்னு நெனச்சுட்டா. காயின் பூத்துலருந்து ஹாஸ்டலுக்கு அண்ணன்னு சொல்லிப் போட்டுச் சொன்னேன், நம்பல. 'ஒனக்கு என்னயப் புடிச்சிட்டு நிக்க இருபது நிமிசம்கூட முடியலியோ'ன்னு கேட்டா. நொடியத்தான் நிமிசம்னு சொல்லுதா. அழுதுட்டு வச்சிட்டா. அப்புறம் ஹாஸ்டலுக்குப் போட்டா போனுக்கே வர மாட்டேங்கா."

"அடுத்த ஞாயிறு வருவாங்களா?"

இதற்கு இசக்கி பதில் சொன்னான். "வருவாளாம்க்கா. அவ தோழிப்புள்ள சொல்லிச்சு. அன்னிக்கும் இவம் இப்படித்தான் செஞ்சாம்னா, வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருவாளாம். போயிட்டா இவனால திருப்பிக் கூட்டியார முடியாது. அவ அப்பா அப்படியாப்பட்ட ஆளு."

நீங்கள் சிரிக்கலாம். ஒரு விளையாட்டில் குடை மூடியதற்கு ஒரு பெண் ஊருக்குப் போவாளா என்று. அவளுக்குப் புருஷன் என்று கையில் இருந்ததே அந்தக் குடை ஒன்றுதான். அது மூடினால் வேறு எதை நம்புவாள்? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கலும் உறைத்தது. எங்கள் மண்டபப் போட்டியும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். இசக்கி அதே 'ரூம் ஏழு' பெயரில் அதில் ஆடுகிறான். ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அந்தோணி வேறு பெயரில் போனால் ரோஸ்லின் யாரோ என்று ஒதுங்கிவிடுவாள். பழைய குடையைத் திருப்பி வைத்தால் போட்டி இழுத்துக்கொண்டே போகும், சென்னை அணிகள் எழுந்து போய்விடும், அந்தோணிக்குச் சாயந்தரம் பெயரும் கிடைக்காது. புதுக் குடையை அப்படியே விட்டால் பெயர் கிடைக்கும், பெண்டாட்டி கிடைக்கமாட்டாள். போட்டிக்குச் சின்னக் குடை வேண்டும், கூட்டுக்குப் பெரிய குடை வேண்டும். இரண்டும் ஒரே நாளில்.

சாரிடம் முழுக்கதையும் சொல்லாமல், கூட்டுக்கு வேறு நேரம் வைக்கலாம் என்றேன்.

"இன்னா மேடம் இது. ஒரே குடைக்கு ரெண்டு டைமா? இங்க கத்துக்கினு அங்க போறவன் கொழம்பிட மாட்டான்?"

அவர் கேட்டது நியாயம்தான். இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது பழைய வேலை ஒன்றுதான்.

"எங்க கம்பெனில ஒரே போல்ட்டு சார். சீட்டுக்கு ஒரு இறுக்கம், சக்கரத்துக்கு ஒரு இறுக்கம். மாத்தி இறுக்குனா ரெண்டும் போச்சு. கொழம்பக் கூடாதுன்னு போல்ட்டு தலையில வேற வேற கலர்ல ஒரு புள்ளி வெப்போம். நாமளும் போட்டிக்குச் செவப்பு, கூட்டுக்குப் பச்சைன்னு வெச்சிடலாம்."

சார் காலண்டரைப் பார்த்தார். "சரி, போட்டி முடியட்டும். திங்கக்கெழமை பாத்துக்கலாம். இப்ப கைய வெச்சி மண்டபத்துல நின்னுபோச்சுன்னா கம்பெனியை மூடிட்டு நான் ஹார்ட்வேர் கடையில ஆணி எடுத்துக் குடுக்க வேண்டிதுதான்."

அவர் பயமும் பொய்யில்லை. ஊரெல்லாம் கூப்பிட்டு வைத்திருக்கிற நாளுக்கு முன்னால் புரோகிராமைத் தொடக் கூடாது, இன்று நானே உங்களைத் தொடவிடமாட்டேன். அதனால் எவ்வளவு தொட்டால் போதும் என்று யோசித்தேன்.

"போட்டிப் பக்கம் கையே வெக்காதீங்க சார். அது இப்ப கீறபடியே இருக்கட்டும். கூட்டுக்கு மட்டும் தனியா ஒரு கணக்கு எழுதுங்க. கெட்டா அங்கதான் கெடும்."

"அங்க கெட்டா பரவாயில்லியா?"

"அங்க ஏற்கெனவே கெட்டுத்தான் கீது சார்."

அப்புறம் முழுக்கதையையும் சொன்னேன். சார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஹாஸ்டல் வார்டன் பண்றதுக்கெல்லாம் என் குடைதானா கெடச்சிது" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். சனிக்கிழமை மத்தியானம் எழுதி முடித்தார். நானும் அவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கூட்டில் பச்சைக் குடையையும், போட்டியில் சிவப்புக் குடையையும் விரித்து விரித்துப் பார்த்தோம். புரோகிராம் எங்கேயும் நின்றுபோகவில்லை.

ஒன்று பாக்கி இருந்தது. போன முறை அறிவிப்பைப் போட்டிப் பக்கத்தில் மட்டும் போட்டோம். கூட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் ஒருத்தி தன் புருஷன் கையை எடுத்துவிட்டான் என்று நினைத்தாள். இந்த முறை கூட்டின் முதல் திரையிலேயே தமிழில் இரண்டு வரி போடச் சொன்னேன். 'சென்ற வாரம் குடையின் நேரத்தை நாங்கள் குறைத்துவிட்டோம், இப்போது சரிசெய்திருக்கிறோம். பிடித்துக்கொண்டிருந்த யாரும் கையை எடுக்கவில்லை.'

"ரெண்டாவது வரி எதுக்கு மேடம், அதான் மொதல் வரியிலயே வந்துடுச்சே" என்றார் சார்.

"இருந்துட்டுப் போவுது சார்" என்றேன். விட்டுவிட்டார்.

ஞாயிறு மண்டபம் நிரம்பியிருந்தது. சின்னக் குடை வேலை செய்தது. ஆட்டங்கள் சுருக்காக முடிந்தன, ஜனம் கைதட்டியது, சென்னை அணிகள் வாயை மூடிக்கொண்டு ஆடின. இசக்கியின் அணி கடைசி ஆட்டம்வரை வந்தது. எனக்குக் கடிகாரத்தில்தான் கண். ரோஸ்லின் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தோணி மண்டப மூலையில் ஒரு காலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றான்.

கடைசி ஆட்டத்தில் இசக்கி தோற்றான். எழுந்து நேரே மூலைக்கு வந்தான்.

"வெளிய வந்துட்டேம்ல. நீ நொழ" என்று அந்தோணியின் தோளில் தட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க சின்னக் குடைலதான்க்கா தோத்தேன். பழசா இருந்தா ராத்திரி வரைக்கும் நின்னு ஆடியிருப்பேன்" என்றான்.

"அதுக்குத்தாம்பா குறைச்சோம்."

"தெரியுது, தெரியுது." சிரித்தான். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது. அவனுக்கும் அது பெரிய நாள்.

அந்தோணி நுழைந்தான். கூட்டில் நீலத் தலைப்பாகை ஏற்கெனவே வந்திருந்தது. தூரத்தில், ஒரு மதிலோரம் தனியாக நின்றது. இவன் உருவம் பக்கத்தில் போனதும் அது இரண்டடி தள்ளிப் போனது. இவன் நின்றான். பேய்க் கூட்டம் வந்தது. அந்தோணி சாவியை அழுத்தினான். பச்சைக் குடை விரிந்தது. அவள் உள்ளே வரவில்லை. வெளியே நின்று அடி வாங்கினாள். அவள் உயிர் இறங்கிக்கொண்டே வந்தது. மண்டபத்தில் பரிசு கொடுக்கிற சத்தம், மைக் கத்துகிறது, நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தோணி அழுத்திய விரலின் நகம் வெளுத்திருந்தது.

எட்டு நொடி தாண்டியும் குடை மூடவில்லை. அதன் பிறகுதான் அவள் உள்ளே வந்தாள்.

குடை முழுசாக இருபது நொடியும் நின்று, தானாக மூடியது. மறுபடி விரிக்க எவ்வளவு காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு காத்திருந்து அந்தோணி மறுபடி விரித்தான். அந்த இடைவெளியில் பேய்கள் அடித்தபோதும் அவள் நகரவில்லை. இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டே டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, மறைக்கவில்லை.

ரோஸ்லின் ஊருக்குப் போகவில்லை. கூட்டிலும் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் விளையாட்டில் எல்லாத் திறனுக்கும் இரண்டு கணக்கு. ஒன்றைத் தொடும்போது மற்றதைப் பார்க்காமல் கையை வைக்கக் கூடாது என்று சார் சட்டமே போட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து நீலத் தலைப்பாகை வருவது நின்றது. ஞாயிறு மாலை 'ரூம் ஏழு'ம் கூட்டுக்கு வரவில்லை. மறுபடி எதையாவது கெடுத்துவிட்டோமா என்று பதறிப்போய் இசக்கியைப் பிடித்தேன். ரோஸ்லினுக்கு ஒரகடத்தில் வண்டிக்கு வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். கல்யாணமானவர்களையும் எடுத்துக்கொண்டார்களாம். சேரப்பணஞ்சேரியில் ஒரு சின்ன வீடு பிடித்துக் குடிபோய்விட்டார்களாம்.

சாரிடம் வந்து சொன்னேன். "வூடு கெடச்சா வெளையாடக் கூடாதுன்னு இன்னா சட்டம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆட்டக்காரர் போய்விட்டார் என்றால் நம் தொழிலில் அது நஷ்டம்தான். ஆனால் சில பேர் போவதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கி என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனான். ரோஸ்லினை அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். வாய் ஓயாமல் பேசுகிற பெண். மீன் குழம்பு வைத்திருந்தாள். அந்தோணி சுவரில் சாய்ந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். குடையின் நேரத்தை அளந்து வைக்கிற வேலை என்னுடையது என்று இசக்கி சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பெருமையாகச் சொன்னேன், "எட்டு நொடியில நீங்க என்ன பேசிட முடியும்னு நெனச்சேம்மா. இருபது நொடியாவது இருந்தா ரெண்டு வார்த்தை டைப் பண்ணிக்கலாமேன்னுதான் சண்டை போட்டு வாங்கினேன்."

அவள் அந்தோணியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்க ரெண்டு பேருக்கும் டைப் அடிக்க வராதேக்கா" என்றாள் ரோஸ்லின். "அதுல ஒருநாளும் ஒரு வார்த்த பேசுனதில்ல. சும்மா பக்கத்துல பக்கத்துல நிப்போம்."